கார்ன் ஸ்நேக் குட்டிக்கு வீடு அமைப்பது எப்படி

கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கிற விஷமில்லாத பாம்பு. பாம்பு கையில் வந்த பிறகு அதற்குப் பெட்டி தேடுகிறவர்கள்தான் அதிகம். கடையில் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு டப்பாவில் போட்டுவிட்டு ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் மின்விரிப்பு) ஆர்டர் செய்கிறார்கள். தயவுசெய்து இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பெட்டி தயாராக வேண்டும், சூடு ஏற வேண்டும், அந்தச் சூடு இரவும் பகலும் ஒரே அளவில் நிற்கிறதா என்று மூன்று நான்கு நாளாவது பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குட்டி வீட்டுக்கு வர வேண்டும்.

முட்டையிலிருந்து வெளிவந்த கார்ன் ஸ்நேக் குட்டி 20 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், எடை பத்து கிராம்கூட இருக்காது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் இதன் ஊர், நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடா வரை காட்டோரம், பழைய களஞ்சியம், பட்டுப்போன மரத்தின் பட்டைக்கு அடியில் என்று வாழும். அங்கே இந்த அளவுக் குட்டியைப் பறவை தின்னும், பெரிய பாம்பு தின்னும், இன்னும் எத்தனையோ தின்னும். அதனால் பிறந்த நாளிலிருந்தே அதற்கு ஒரே கவலைதான், யார் கண்ணிலும் படக்கூடாது. மறைந்திருக்கும் இடத்திலேயே உடம்புக்கு வேண்டிய சூடும் கிடைத்துவிட்டால் அது சாப்பிடும், வளரும், சட்டை உரிக்கும். மறைவு வேண்டுமா சூடு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் நிலைமை வந்தால் குட்டி மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும், சூடில்லாமல் செரிமானம் கெட்டுச் சாப்பிட்டதைக் கக்கும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் சட்டம். நான் கனடாவில் இருக்கிறேன். டொராண்டோவில் மிகப் பெரிதாக வளரும் பாம்புகளுக்கும் விஷப்பாம்புகளுக்கும்தான் தடை, கார்ன் ஸ்நேக் அதில் வராது. பிரிட்டனிலும் தாராளமாக வளர்க்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது, ஆஸ்திரேலியாவில் கார்ன் ஸ்நேக்கைத் தனிநபர் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவிலேயே ஜார்ஜியா மாநிலத்தில், அது அந்த மண்ணின் பாம்பு என்பதாலேயே, வளர்க்கக்கூடாது. ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: இதைப் படித்துவிட்டு வயலில் திரியும் சாரைப்பாம்புக் குட்டியைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள், இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அந்தப் பாம்புக்கும் அது கொடுமை. நீங்கள் இருக்கும் ஊரின் விதியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பெட்டி

குட்டிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்று இல்லை. மூடியில் இரண்டு பக்கமும் க்ளிப் இருக்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி, சுமார் 50 செ.மீ. நீளம் 30 செ.மீ. அகலம் இருந்தால் முதல் வருடத்துக்குத் தாராளம். 10 கேலன் கண்ணாடித் தொட்டியும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பெரிய இடத்தில் விட்டால் குட்டி பயந்து சாப்பிடாது என்று நிறையப் பேர் சொல்வார்கள். இடம் பெரிதாக இருப்பதில் தப்பில்லை, அது வெறுமையாக இருப்பதில்தான் தப்பு. இலையும் பட்டையுமாக நிரப்பி வைத்த பெரிய பெட்டியில் குட்டி நன்றாகவே இருக்கும். ஆனாலும் புதியவர்களுக்குச் சின்னப் பெட்டியையே சொல்வேன். குட்டி எங்கே இருக்கிறது, எச்சம் போட்டதா, எலியைச் சாப்பிட்டதா இல்லை எங்காவது இழுத்துப்போட்டு அழுக விட்டதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

காற்றுக்கு ஓட்டை போட வேண்டும். சால்டரிங் அயர்ன் இருந்தால் அதன் நுனியால் பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்வரிசையாகப் போடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. ஓட்டை 3 மி.மீ. போதும். உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் முள்ளாக நிற்கும். அதை விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேய்த்து மழுக்குங்கள், ஏனென்றால் குட்டி இரவெல்லாம் அந்த வரிசையில்தான் மூக்கை உரசிக்கொண்டு போகும். உண்மையாகவே அப்படித்தான் செய்யும். மூடியும் பெட்டியும் சேருகிற கோட்டில் மூக்கை வைத்து, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை மெதுவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போய், எங்கே சற்று இளகுகிறதோ அங்கே நின்று திரும்பத் திரும்ப அழுத்தும். கார்ன் ஸ்நேக் தப்பிப்பதில் கெட்டிக்காரப் பாம்பு. ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி இருந்தால் குட்டி வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெட்டியைப் பூட்டிவிட்டு, நான்கு ஓரங்களிலும் மூடியை உங்கள் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். நடுப்பகுதி வளைந்து தூக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம், அல்லது நடுவில் இன்னொரு க்ளிப் போடுங்கள். கண்ணாடித் தொட்டி என்றால் வலைமூடிக்கு நான்கு மூலையிலும் க்ளிப் வேண்டும், மேலே புத்தகத்தை வைத்துவிட்டால் போதும் என்று விடாதீர்கள். ஹீட் மேட் வயரோ தெர்மோஸ்டாட் (சூட்டை வைத்த அளவிலேயே நிறுத்தும் கருவி) வயரோ உள்ளே நுழைகிற இடம் இருந்தால் அதுவும் ஒரு வாசல்தான்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பெட்டிக்கு உள்ளே எந்த இடத்திலும் டேப் ஒட்டாதீர்கள். செலோ டேப், மாஸ்கிங் டேப், வெப்பமானியோடு வருகிற ஒட்டும் பட்டை எதுவும் வேண்டாம். ஈரத்தில் ஓரம் பெயர்ந்து தொங்கும், குட்டி அதில் ஒட்டிக்கொண்டு விடுபட முறுக்கும், முறுக்க முறுக்க இன்னும் சுற்றிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் தோல் கிழிந்துவரும். எங்காவது அப்படி ஒட்டிய குட்டியைப் பார்த்தால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு டேப்பின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தலையிலிருந்து வால் பக்கமாகப் பொறுமையாக எடுங்கள்.

சூடு

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், தனக்கு வேண்டியதைப் பாம்பே தேடிப் போய்க்கொள்ளும். சூடான பக்கம் தரை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25 வரை. இரவில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, 20க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பெட்டியும் 30 டிகிரி இருப்பது, முழுப் பெட்டியும் குளிர்ந்து கிடப்பதைவிட ஆபத்து, போய் ஒதுங்க இடமே இல்லாமல் போய்விடும்.

பிளாஸ்டிக் பெட்டிக்கு ஹீட் மேட் போதும். தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடுகிற அளவில் வாங்கி, பெட்டிக்கு வெளியே, அடியில் வையுங்கள். பெட்டியின் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் கால் வைத்துத் தூக்கிவிட்டால் மேட்டுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மின்சாரத்தில் செருகவே செருகாதீர்கள். மேட் தன்னால் நிற்காது, கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் எளிதாக 40 டிகிரியைத் தாண்டும். குட்டியோ சூடு பிடித்த இடத்திலேயே மறைவாகச் சுருண்டு கிடக்கும், வயிறு வெந்துபோனாலும் நகரத் தோன்றாமல் கிடக்கும். கடையில் மேட்டை விற்பவர் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மொத்தச் செலவில் எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டின் உணரி முனையை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். பெட்டிக்குள் சும்மா போட்டால் குட்டி அதை நகர்த்திவிடும், அல்லது தண்ணீர் கொட்டி முனை குளிர்ந்துவிடும், உடனே தெர்மோஸ்டாட் பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மேட்டைக் கொதிக்க வைக்கும். மேட்டுக்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே, வெளியே, முனையை வைத்து ஒட்டிவிடுங்கள். வெளியே என்பதால் இங்கே டேப் ஒட்டலாம். பிளாஸ்டிக்கைத் தாண்டி வரும்போது ஓரிரண்டு டிகிரி குறையும், ஆகவே தெர்மோஸ்டாட்டில் 32 அல்லது 33 வைத்து, உள்ளே எவ்வளவு வருகிறது என்று அளந்து சரிசெய்யுங்கள்.

அளப்பதற்கு இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. அளக்கும் இடம் முக்கியம். தரையில் பரப்பிய மரச்சீவலின் மேல் காட்டினால் 26 என்று வரும், சரி குறைவாக இருக்கிறதே என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றத் தோன்றும். சீவலை விரலால் ஒதுக்கி அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கில் காட்டிப் பாருங்கள், அங்கே 33 இருக்கும். குட்டி சீவலைக் குடைந்துகொண்டு போய்ப் படுப்பது அந்த அடித்தரையில்தான். ஆகவே அந்த எண்ணைத்தான் 31க்குள் வைக்க வேண்டும். இதனாலேயே மேட் இருக்கும் பக்கம் சீவலை 2 செ.மீ.க்கு மேல் போட வேண்டாம்.

சூடேறும் செயற்கைக் கல் விற்கிறார்கள், வாங்காதீர்கள், ஒரே இடத்தில் சுட்டுப் புண்ணாக்கும். சிவப்பு பல்பும் தேவையில்லை. இரவு அதற்கு இருட்டாக இருக்கட்டும், பகலில் அறை வெளிச்சம் வந்து போனால் போதும்.

தரையும் மறைவும்

முதல் சில வாரம் வெறும் பேப்பர் டவல் விரியுங்கள், இரண்டு மூன்று அடுக்காக. அழகாக இருக்காது, ஆனால் எச்சம் சரியாக இருக்கிறதா, உண்ணி ஏதும் கூடவே வந்திருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தில் உடனே தெரியும். கறுப்பாக மிளகுத்தூள் அளவில் ஊர்வது ஏதும் தெரிந்தால் அது உண்ணி, அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்டு எச்சம் போட்ட பிறகு ஆஸ்பன் மரச்சீவலுக்கு மாறலாம். கார்ன் ஸ்நேக் அதில் சுரங்கம் போட்டுப் போவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஈரமானால் ஆஸ்பன் பூஞ்சை பிடிக்கும், நனைந்த இடத்தை மட்டும் உடனே அள்ளிப்போடுங்கள். தென்னை நார்த்தூளும் நல்லதுதான், வறண்ட வீடுகளுக்கு அதுவே மேல். தேவதாரு, பைன் சீவல் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கெடுதல். மணலும் வேண்டாம்.

மறைவிடம் குறைந்தது இரண்டு: ஒன்று சூடான பக்கம், மேட்டுக்கு நேர் மேலே, இன்னொன்று குளிர்ந்த பக்கம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று பிடித்துப்போய் அதற்காகச் சூட்டை விட்டுக்கொடுக்கும் நிலை வராது. குட்டி சுருண்டு படுத்தால் முதுகும் பக்கவாட்டும் உள்சுவரில் படுகிற அளவுக்கு இடம் நெருக்கமாக இருக்க வேண்டும். நாம் பார்த்துப் பாவப்படுவோம், அதற்கு அப்படி இடித்துக்கொண்டு கிடந்தால்தான் நிம்மதி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைகள் பெரும்பாலும் குட்டிக்குப் பெரியவை. பாதிக் கொட்டாங்குச்சி எடுத்து, சதையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்து, விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு அரைவட்டமாக அறுத்து, உப்புக்காகிதத்தால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். இதைவிடப் பொருத்தமான மறைவிடம் குட்டிக்கு அமையாது, தேங்காய் வாங்காத தமிழ் வீடும் இல்லை. பேப்பர் ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக்குழாயும் நன்றாக இருக்கும், அழுக்கானால் தூக்கிப்போட்டு வேறு வைக்கலாம்.

இரண்டு மறைவிடத்துக்கும் நடுவே வெட்டவெளி விடாதீர்கள். பிளாஸ்டிக் இலைக்கொடி, கசக்கிய பழுப்புக் காகிதம், மரப்பட்டைத் துண்டு என்று நிரப்புங்கள். பாம்பு சூட்டிலிருந்து குளிருக்குப் போகும் வழி முழுக்க மூடியே இருந்தால் பயமில்லாமல் போய்வரும். பெட்டியின் உயரத்துக்குப் பக்கத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள், எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் நிரப்ப வேண்டும். ஒரு மெல்லிய கிளையைக் குறுக்கே சாய்த்து வையுங்கள், இது நன்றாக ஏறும் பாம்பு. கனமான கல்லோ மரமோ வைத்தால் சீவலின் மேல் வைக்காமல் அடித்தரையில் உட்காரும்படி வையுங்கள், இல்லையென்றால் குட்டி அடியில் தோண்டும்போது அது சரிந்து நசுக்கிவிடும்.

தண்ணீரும் ஈரப்பதமும்

தண்ணீர்க் கிண்ணம் கவிழாத அளவுக்குக் கனமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும், குளிர்ந்த பக்கம் வையுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாளாவது மாற்றுங்கள். பாம்பு எந்நேரமும் கிண்ணத்திலேயே கிடந்தால் ஒன்று உண்ணி இருக்கும், இல்லையென்றால் பெட்டி அதிகச் சூடாக இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வேண்டும். குட்டிகள் பெரும்பாலும் கோடைக் கடைசியில் பொரிந்து இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வரும், நாமும் அப்போதுதான் வாங்குவோம், வாங்கிய கையோடு குளிர்காலம் வந்து வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கும். கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குச் சாதாரணமாக இறங்கிவிடும், நம் உதடே வெடிக்கிறது, கிராம் கணக்கில் எடையுள்ள குட்டி என்ன ஆகும்? அதற்கு ஈரமான மறைவிடம் ஒன்று செய்யுங்கள். மூடியுள்ள சின்ன டப்பா, பக்கவாட்டில் ஒரு ஓட்டை, ஓரம் மழுக்கியது, உள்ளே ஸ்ஃபாக்னம் பாசி. பாசியை நனைத்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதைச் சூடும் குளிரும் சேரும் நடுப்பகுதியில் வையுங்கள், வாரம் ஒருமுறை பாசியை மாற்றுங்கள். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல், தரை எப்போதும் ஈரமாக இருந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும்.

சட்டை உரிக்கும் காலம் வந்தால் கண் நீலம் பூத்தாற்போல் மங்கும், நிறம் சோர்ந்துபோகும், சில நாளில் மறுபடி தெளியும், அதன் பிறகு உரிக்கும். அந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள், கண் தெரியாமல் பயந்து இருக்கும். உரித்த சட்டையைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் விரித்துப் பாருங்கள். தலைப்பக்கம் இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டமான கண்ணாடிபோன்ற மூடி இருக்க வேண்டும், வால் நுனி கூர்மையாக முழுதாக வந்திருக்க வேண்டும். வால் நுனியில் பழைய தோல் வளையமாக நின்றுவிட்டால் ரத்தம் ஓடாமல் நுனி செத்துவிடும். ஈரமான பேப்பர் டவல் போட்ட, காற்றோட்டமுள்ள டப்பாவில், வெதுவெதுப்பான இடத்தில் அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். கண்ணின் மேல் அந்தக் கண்ணாடி மூடி உரியாமல் ஒட்டியிருந்தால் கிள்ளி எடுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

குட்டி வந்த பிறகு

பெட்டியை வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் சூடு அரைமணி நேரத்தில் கொல்லும் அளவுக்கு ஏறும். டிவி ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம். குட்டியை உள்ளே விட்டு, பூட்டி, முதல் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர எதற்கும் திறக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் இரை. வாங்கும்போதே விற்பவரிடம், உறையவைத்து இளக்கிய எலிக்குட்டியை இது எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது என்று கேளுங்கள். குறைந்தது மூன்று நான்கு முறை சாப்பிட்ட குட்டியைத்தான் வாங்க வேண்டும். காட்டில் இந்த வயதுக் குட்டி சின்னப் பல்லி வகைகள், மரத்தவளை இவற்றைத்தான் பிடித்துத் தின்னும், அதனால் சில குட்டிகள் எலியை எலி என்றே ஏற்றுக்கொள்ளாது, அந்தப் போராட்டம் புதியவர்களுக்கு வேண்டாம்.

முடி முளைக்காத எலிக்குட்டி ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கி, பையில் போட்டு வெந்நீரில் கொஞ்சம் வைத்துச் சூடேற்றிக் கொடுங்கள், மைக்ரோவேவ் கூடாது. ஒரு சின்ன ஓட்டுத்துண்டின் மேல் வைத்து மறைவிட வாசலில் விட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் தொடக்கூடாது. சாப்பிடவில்லையென்றால் உடனே வேறு எலி, வேறு முறை என்று தேடாதீர்கள், வெப்பமானித் துப்பாக்கியை எடுத்து அடித்தரையை அளந்து பாருங்கள், மறைவிடம் நெருக்கமாக இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சாப்பிட்டதைக் கக்கிவிட்டால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த முறை இன்னும் சின்ன எலிக்குட்டியாகக் கொடுங்கள். திரும்பவும் கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு குட்டியை ஒரே பெட்டியில் விடாதீர்கள். கார்ன் ஸ்நேக்குக்குத் துணை தேவையில்லை. இரண்டும் ஒரே மறைவிடத்தில் பின்னிக்கிடந்தால் அது பாசம் கிடையாது, நல்ல இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றை ஒன்று விழுங்கிய சம்பவமும் உண்டு. இரண்டு வாங்கினால் இரண்டு பெட்டி, இரண்டு மேட்.

எச்சத்தைப் பார்த்த அன்றே எடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, காயவைத்துத் திரும்ப வையுங்கள். பாம்பைத் தொட்டாலும் பெட்டியைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றிடம் இருக்கும், சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

குட்டி நீட்டிப் படுத்தால் பெட்டியின் நீளத்தைத் தாண்டுகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டி வரும். வளர்ந்த கார்ன் ஸ்நேக் 90 முதல் 150 செ.மீ. வரை போகும், அதற்கு நான்கடி நீளம் இரண்டடி அகலம் இரண்டடி உயரத்தில் வீடு வேண்டும், அப்படிப்பட்ட வீட்டில் 15, 20 வருடம் வாழும். அவ்வளவு இடத்தை உங்கள் வீட்டில் எங்கே ஒதுக்கப் போகிறீர்கள் என்று குட்டி வாங்கும் முன்பே பார்த்துவையுங்கள். மாற்றும் அன்று பழைய பெட்டியின் மறைவிடங்களைக் கழுவாமல் அப்படியே எடுத்து வைத்து, பழைய சீவலில் ஒரு கைப்பிடியைப் புதியதோடு கலந்துவிடுங்கள், தன் வாசனை இருந்தால் சீக்கிரம் அடங்கும். புதிய வீட்டின் சூட்டையும் முன்னாலேயே மூன்று நான்கு நாள் ஓடவிட்டு அளந்துகொள்ளுங்கள்.